இத்தாலியக் குறிப்பில் எல்லாமே 'வதக்கவும்'தானா? சொற்கள், பதங்கள், அளவுகள்

அரைப்படி:
இத்தாலியச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கின்றன. மூலத்தில் அப்பஸ்ஸீரே, இம்பியோந்தீரே, சொஃப்ரிஜெரே, ரொஸொலாரே என்று நான்கு சொற்கள் இருக்கும். ஆங்கிலத்தில் நான்கும் 'சாட்டே' ஆகிவிடும், தமிழுக்கு வரும்போது நான்கும் 'வதக்கவும்'. அதே வெங்காயம், அதே எண்ணெய், ஆனால் சுவை வேறாகிவிடுகிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்: எந்தச் சொல்லுக்கு எவ்வளவு தீ, எவ்வளவு நேரம், எந்தப் பதத்தில் நிறுத்துவது? அளவுச் சொற்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

கல்சட்டி:
நடுவில் நிற்கும் ஆங்கிலத்தை எடுத்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடிப் பதம், பொன்னிறம், சுருள வதக்குவது என்று பதத்தைச் சொல்லும் வழக்கம் நம் அடுப்படியில் ஏற்கெனவே உண்டு. இத்தாலியச் சொற்களும் பதத்தைத்தான் சொல்கின்றன.

அப்பஸ்ஸீரே என்றால் வெங்காயம் வாட வேண்டும், நிறம் மாறக் கூடாது. நம் கண்ணாடிப் பதம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அந்த நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது, அதனால் சிவக்காது. சிறுதீயில் ஒரு சிட்டிகை உப்போடு 8 முதல் 10 நிமிடம். ஓரம் நிறம் பிடிப்பதுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விடுங்கள். ரிசோத்தோ என்ற குழைவான அரிசி உணவுக்கு இந்தப் பதம்தான். வெங்காயம் சிவந்தால் அரிசியில் பழுப்பும் இனிப்பும் ஏறி, வெண்ணெயின் மணம் அமுங்கிப்போகும்.

இம்பியோந்தீரே அடுத்த படி: வைக்கோல் நிறம். பூண்டுக்கு இந்தச் சொல் அடிக்கடி வரும். பூண்டு அதைத் தாண்டிப் பழுப்பானால் கசப்பு எண்ணெயில் இறங்கிவிடும், பிறகு பூண்டை எடுத்துப் போட்டாலும் போகாது. எண்ணெயையே மாற்ற வேண்டியதுதான். 'அல்யோ இன் கமீச்சா' என்று இருந்தால் பூண்டுப்பல்லைத் தோலோடு லேசாக நசுக்கிப் போட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிட வேண்டும். தோல் இருப்பதால் சீக்கிரம் கருகாது.

ரொஸொலாரே முற்றிலும் வேறு வேலை. இறைச்சி, உருளைக்கிழங்கு போன்றவற்றை நல்ல தீயில் மேல்புறம் சிவந்து முறுகும்வரை விடுவது. துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, போட்டவுடன் கிளறக் கூடாது. சட்டியை நிரப்பினால் நீர்விட்டு வேகுமே தவிர சிவக்காது.

சொஃப்ரிஜெரே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய்த்துருவி எழுதினால் நன்றாக இருக்கும்.

தேங்காய்த்துருவி:
எழுதுகிறேன். முதலில் ஒரு பிரிவு. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கி வைத்த பச்சைக் கலவைக்குப் பெயர் பத்தூத்தோ. அது கொழுப்பில் மெல்லச் சுண்டிய பிறகுதான் சொஃப்ரித்தோ. குறிப்பில் 'பத்தூத்தோ தயாரிக்கவும்' என்றால் கத்தி வேலை மட்டும், அடுப்பு இன்னும் பற்றவில்லை.

அளவில் சம பங்கும் உண்டு, வெங்காயம் இரண்டு பங்கு மற்றவை ஒவ்வொரு பங்கும் உண்டு. எதுவானாலும் மூன்றும் ஒரே அளவுக்கு, 2 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக இருக்க வேண்டும். மிக்ஸியில் அடித்தால் சாறு வெளியேறிக் கூழாகும், அது வதங்காது, அவியும். சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம். சத்தம் மெல்லிய சலசலப்பாகவே இருக்கட்டும், படபடவென்று பொரிந்தால் தீ அதிகம். முடியும்போது கேரட் துண்டைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்கும், எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் ஓரத்தில் பிரிந்து நிற்கும். நம் ஊர்த் தக்காளித் தொக்கில் 'எண்ணெய் பிரிந்து வரும்போது' என்று பார்ப்போமே, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அதே.

பொலோன்யா நகரத்து ராகூ என்ற இறைச்சிச் சாஸுக்கு அடித்தளம் இதுதான். இத்தாலியச் சமையல் அகாதெமி அந்த ராகூவின் செய்முறையை 1982-இல் பொலோன்யா வணிகக் கழகத்தில் பதிவு செய்தது, 2023-இல் திருத்தியது. திருத்திய வடிவில் பால் விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்று இருக்கிறது. அந்த ராகூவோடு போவது ஸ்பகெத்தி அல்ல, முட்டை சேர்த்த பட்டைப் பாஸ்தாவான தாலியதெல்லே. அதன் அகலத்துக்குக்கூட 1972-இல் ஒரு பதிவு உண்டு: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர்.

பூண்டுப்பல்:
ரொம்ப நன்றிங்க. ரிசோத்தோ குறிப்புல 'தொஸ்தாரே', 'ஸ்ஃபுமாரே', 'மந்தெக்காரே'ன்னு மூணு வருது. இங்கிலீஷ்ல டோஸ்ட், டீகிளேஸ், க்ரீம்னு போட்டிருக்காங்க. மூணாவதைப் பாத்துட்டு நிறைய பேர் ஃப்ரெஷ் க்ரீம் ஊத்திடறாங்க. அது சரியா?

கல்சட்டி:
சரியில்லை. மந்தெக்காரேயில் க்ரீமே கிடையாது. வரிசையாகச் சொல்கிறேன். நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, கொதிக்கும் காய்கறிச் சாறு 1.2 முதல் 1.5 லிட்டர், வெள்ளை ஒயின் 100 மில்லி, பார்மிஜானோ பாலாடைக்கட்டி 60 முதல் 80 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம். அரிசி கார்னரோலி, அர்போரியோ, வியலோனே நானோ, மூன்றில் எதுவானாலும் சரி. குழையாமல் நிற்பதில் கார்னரோலி முந்தும்.

அரிசியைக் கழுவக் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் பிறகு குழம்பைக் கெட்டியாக்கப் போகிறது.

தொஸ்தாரே: அரிசியை நடுத்தீயில் 2, 3 நிமிடம் கிளறுவது. நிறம் மாறக் கூடாது. ஓரம் கண்ணாடிபோல் ஆகி நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும், விரலால் தொட்டால் சுடும். இப்படிச் சூடேறிய மணி உள்ளே குழைய நேரம் எடுக்கும், உருவம் கெடாது.

ஸ்ஃபுமாரே: தீயைக் கூட்டி, ஒயினைச் சூடான சட்டியில் விட்டு ஆவியாக விடுவது. மூக்கில் ஏறும் சாராய நெடி அடங்கிய பிறகே முதல் கரண்டிச் சாறு. நெடி இருக்கும்போதே சாறு ஊற்றினால் புளிப்பும் கசப்பும் கடைசிவரை தங்கும். ஒயின் சேர்க்காதவர்கள் ஒரு கரண்டி சாற்றில் சில சொட்டு எலுமிச்சை விடலாம். அங்கே தேவைப்படுவது அந்தப் புளிப்புதான்.

பிறகு சாறு கொதித்தபடியே, கரண்டி கரண்டியாக. ஆறிய சாற்றை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேகுவது நின்று நின்று தொடரும், மேலே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். மொத்தம் 16 முதல் 18 நிமிடம்.

மந்தெக்காரே: அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளையும் துருவிய பார்மிஜானோவையும் போட்டு வேகமாகக் கடைவது. அரிசி விட்ட மாவுநீரும் வெண்ணெயும் ஒன்றுகலந்து பளபளப்பான குழம்பாகும். அடுப்பு எரியும்போதே போட்டால் வெண்ணெய் உருகிப் பிரிந்து மேலே எண்ணெயாக மிதக்கும், பாலாடைக்கட்டி இழையிழையாக இழுக்கும். தட்டைச் சாய்த்தால் அலைபோல் மெல்ல நகர வேண்டும், 'அல்லொந்தா' என்பது அதைத்தான். தட்டில் குவியலாக நின்றால் சாறு போதவில்லை, அரைக் கரண்டி கொதிசாறு விட்டு மறுபடி கிளறுங்கள்.

அரைப்படி:
புழுங்கலரிசியில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள்.

கல்சட்டி:
முடியாது. புழுக்கும்போதே மாவு வெந்து இறுகிவிட்டது, இனிக் குழம்புக்குள் இறங்காது. இத்தாலியிலேயே புழுங்கலரிசி விற்கிறார்கள், அதை அரிசி சாலட்டுக்குத்தான் பெரிதும் எடுப்பார்கள். உதிரியாக நிற்க வேண்டிய இடத்துக்கு அது பொருத்தம்.

பூண்டுப்பல்:
பாஸ்தாவுக்கு வரேன். அல் தென்தே, அதான் பல்லுக்குக் கொஞ்சம் நறுக்குன்னு நிக்கற பதம், வந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சுவத்துல எறிஞ்சு பாக்கச் சொல்றாங்களே.

தேங்காய்த்துருவி:
சுவரில் ஒட்டுவதற்குக் காரணம் மேலே இருக்கும் பசை. உள்ளே வெந்ததா என்று அது சொல்லாது. ஒன்றை எடுத்துப் பல்லால் நறுக்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருக்கும், அதற்கு 'ஆனிமா' என்று பெயர். புள்ளி பெரிதாக, மாவுச்சுவையோடு இருந்தால் பச்சை. புள்ளியே இல்லையென்றால் கடந்துவிட்டது.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர், 10 கிராம் உப்பு. நீர் கொதித்த பிறகு உப்பு, பிறகு பாஸ்தா. எண்ணெய் வேண்டாம்: நீரின் மேல் மிதந்துவிட்டு, வடிக்கும்போது பாஸ்தாமேல் படியும், சாஸ் வழுக்கிவிடும். ஒட்டாமல் இருக்க முதல் ஒரு நிமிடம் கிளறினால் போதும். வடித்த பிறகு குளிர்ந்த நீரில் அலசுவதும் வேண்டாம், ஆறவைத்துச் சாலட் செய்வதானால் மட்டும் அலசலாம்.

சாஸில் புரட்டப் போகிறீர்கள் என்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். மீதி வேக்காடு சட்டியில், ஒரு கரண்டி வெந்த நீரோடு. 'அக்வா தி கொத்தூரா' என்று குறிப்பில் வந்தால் இந்த நீர்தான். சோறு வடிக்கிற வீட்டில் கஞ்சித்தண்ணியின் அருமை தெரியும், இதையும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு வடியுங்கள்.

பாக்கெட்டில் 'த்ரஃபிலாத்தா அல் ப்ரோன்ஸோ' என்று இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்தது. மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு பூசியதுபோல் வெளிறி இருக்கும். சாஸ் பிடிக்கும், நீரிலும் மாவு அதிகம் இறங்கும். டெஃப்லான் அச்சில் பிழிந்தது மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். 'ரிகாத்தே' வரி போட்டது, 'லிஷே' வரியில்லாதது.

பூண்டுப்பல்:
அந்தத் தண்ணியச் சேர்த்தும் கச்சோ ஏ பேப்பேல, அதான் சீஸும் மிளகும் போட்ட பாஸ்தால, சீஸ் கட்டி தட்டுது. சப்பாத்தி மாவு மாதிரி உருண்டுடுது.

கல்சட்டி:
இரண்டு காரணம்: சூடு அதிகம், மாவு குறைவு. பெக்கொரீனோ என்ற செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியின் புரதம் 65 டிகிரியை ஒட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளத் தொடங்கும். மாவு நடுவில் புகுந்து தடுத்தால்தான் குழம்பு நிற்கும். 2025-இல் இயற்பியலாளர்கள் சிலர் இதையே அளந்து ஆய்வாக வெளியிட்டார்கள், அதே ஆண்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் பெற்றார்கள். பாலாடைக்கட்டியின் எடையில் மாவு 1 சதவீதத்துக்குக் குறைந்தால் கட்டி தட்டுகிறது, 2 முதல் 3 சதவீதத்தில் வழவழப்பாக நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. வெந்த நீரில் எவ்வளவு மாவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, அதனால்தான் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

உறுதியாக வர வழி: 240 கிராம் பாஸ்தா, 160 கிராம் பெக்கொரீனோ ரொமானோ, 4 கிராம் சோளமாவு (கார்ன்ஸ்டார்ச்). மாவை 40 மில்லி நீரில் கரைத்துக் கூழாகும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, நன்றாகப் பொடித்துத் துருவிய பெக்கொரீனோவோடு அரைத்துப் பசையாக்குங்கள். மிளகை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து ஒன்றிரண்டாக இடியுங்கள், பொடியாக்க வேண்டாம். பாஸ்தாவை வடித்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, அடுப்பில்லாமல் பசையோடு புரட்டி, வெந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்துங்கள். பெக்கொரீனோவிலேயே உப்பு தூக்கல், ஆகவே வேகும் நீரில் லிட்டருக்கு 5, 6 கிராம் உப்பே போதும்.

அரைப்படி:
தக்காளிச் சொற்கள் விட்டுப்போயின. இதில்தான் மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்குகிறது.

தேங்காய்த்துருவி:
உண்மை. பஸ்ஸாத்தா என்பது தோலும் விதையும் நீக்கிச் சலித்த தக்காளி, ஊற்றினால் ஓடும். கொஞ்சென்த்ராத்தோ என்பது சுண்டக் காய்ச்சிய விழுது, டியூபில் வரும். 'தோப்பியோ' என்று போட்டிருந்தால் நீர் போக மிச்சம் குறைந்தது 28 சதவீதம். இப்போது சிக்கல்: பிரிட்டனில் 'டொமேட்டோ பியூரே' என்றால் விழுது. அமெரிக்காவிலும் நம் கடைகளிலும் அதே பெயரில் கிடைப்பது பஸ்ஸாத்தா போன்ற தளர்வான பொருள். பிரிட்டிஷ் குறிப்பில் 'பியூரே ஒரு மேசைக்கரண்டி' என்பதைத் தளர்வானதாக எடுத்தால் சாஸ் சப்பென்றிருக்கும். அமெரிக்கக் குறிப்பின் 200 கிராமை விழுதாகப் போட்டால் வாயில் வைக்க முடியாது. விழுதாக இருந்தால் சாறு ஊற்றுமுன் கொழுப்பில் 2 நிமிடம் செங்கல் நிறம் வரும்வரை வதக்குங்கள், பச்சை நெடி போகும்.

பெலாத்தி முழுத் தக்காளி, தோலுரித்தது. பொல்ப்பா நறுக்கியது. சான் மர்ஸானோ வகையின் டிஓபி (பிறப்பிடப் பாதுகாப்பு) முத்திரை முழுத் தக்காளிக்கும் நீளக் கீற்றுக்கும்தான் உண்டு. கூழாக்கியதற்கு அந்த முத்திரை போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

மாவுப்பலகை:
அளவுகளையும் மாவையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

க்யூ, பி என்று இரண்டு எழுத்து உப்புக்குப் பக்கத்தில் நின்றால் 'க்வாந்தோ பாஸ்தா', நம் 'தேவையான அளவு'. ஏத்தோ என்றால் 100 கிராம்: கடையில் 'தூயே ஏத்தி' கேட்டால் 200 கிராம் நிறுப்பார்கள். குக்கியாயோ 15 மில்லி, குக்கியாயீனோ 5 மில்லி. பெயர்கள் அண்ணன் தம்பிபோல் இருப்பதால் சோடா உப்பில் மாறிப்போனால் பண்டம் பாழ். பிக்கியேரே சுமார் 200 மில்லி. 'நோச்சே தி பூர்ரோ' 15 முதல் 20 கிராம் வெண்ணெய். ஸ்பீக்கியோ ஒரு பல் பூண்டு, தெஸ்தா முழுப் பூண்டு.

அதிகம் கெடுக்கும் சொல் லியேவித்தோ. ஈஸ்டுக்கும் அதே பெயர், பேக்கிங் பவுடருக்கும் அதே பெயர். பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். 'பெர் தோல்ச்சி' என்றால் பேக்கிங் பவுடர். 'தி பிர்ரா' என்றால் ஈஸ்ட். 'மாத்ரே' என்றால் புளிக்கவைத்த தாய்மாவு. 'உனா புஸ்தீனா' என்று மட்டும் கேக் குறிப்பில் இருந்தால் 16 கிராம் பேக்கிங் பவுடர், அரைக்கிலோ மாவுக்கு. தட்டையாக வழித்த டீஸ்பூன் கணக்கில் சுமார் 4. அந்தப் பாக்கெட்டுகள் பலவற்றில் வனிலா மணம் சேர்ந்தே வரும், கார அடைகளுக்கு வேண்டாம். ஈஸ்டில், ஈரக்கட்டி 25 கிராமுக்கு உலர்ந்தது 7 கிராம் ஈடு.

மாவில் '00' என்பது எவ்வளவு வெள்ளையாகச் சலித்தது என்பதற்கான எண்: எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.55 சதவீதத்துக்குள். மாவின் இழுவைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. இழுவையைச் சொல்வது டபிள்யூ எண். 170-க்குக் கீழே பிஸ்கட், கேக். நீண்ட நேரம் புளிக்கவைக்கும் பீட்சாவுக்கு 260-க்கு மேல். 'பீட்சாவுக்கு 00 வேண்டும்' என்று மட்டும் படித்து வலுவில்லாத 00 வாங்கினால், மாவு 24 மணி நேரத்தில் தளர்ந்து கையோடு வரும்.

செமோலா ரவை அல்ல. அது துரும் கோதுமை. நம் ரவை பெரும்பாலும் சாதாரண கோதுமையில் உடைத்தது, பருக்கையும் பெரிது, பிசைந்தால் பிடிக்காது. ஓரெக்கியெத்தே போன்ற முட்டையில்லாப் பாஸ்தாவுக்கு இரண்டாம் முறை அரைத்த 'ரிமச்சினாத்தா'வே வேண்டும்: 100 கிராமுக்கு வெதுவெதுப்பான நீர் 50 கிராம், 10 நிமிடம் பிசைந்து அரைமணி மூடி வையுங்கள். தாலியதெல்லேவுக்கு 100 கிராம் 00 மாவும் ஒரு முட்டையும். அதற்கு நம் மைதா தாங்கும்.

சைவச்சாப்பாடு:
சைவர்கள் லேபிளில் பார்க்க வேண்டிய சொற்கள் எவை? 'வெஜிடேரியன்' முத்திரை எல்லாவற்றிலும் இருப்பதில்லை.

கல்சட்டி:
முதலில் 'காலியோ'. பாலை உறையவைக்கும் பொருள். பார்மிஜானோ ரெஜானோவில் விதிப்படியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது, பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியுடையது. அந்தப் பெயர்களில் சைவமானது கிடையாது. 'காலியோ வெஜெத்தாலே' அல்லது 'மிக்ரோபிக்கோ' என்று எழுதிய வேறு கெட்டிப் பாலாடைக்கட்டியைத் தேடுங்கள்.

'ஸ்த்ரூத்தோ' பன்றிக்கொழுப்பு, பியாதீனா ரொட்டியிலும், தரல்லி என்ற மொறுமொறு வளையங்கள் சிலவற்றிலும் இருக்கும். 'அச்சூகே', 'அலீச்சி' இரண்டும் நெத்திலி வகை, தக்காளிச் சாஸுக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். 'ப்ரோதோ' என்று மட்டும் சொன்னால் இறைச்சிச் சாறாக இருக்கலாம், 'வெஜெத்தாலே' சேர்ந்திருக்கிறதா பாருங்கள். 'பெப்பெரோனி' கண்டு பயப்பட வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய். காரமான இறைச்சி போட்ட பீட்சாவுக்கு அங்கே 'தியாவொலா' என்று பெயர்.

சைவச்சாப்பாடு:
பன்னா கொத்தா என்ற க்ரீம் இனிப்பில் 'கொல்லா தி பேஷே' என்று வருகிறதே? கடல்பாசி போட்டால் ஆகுமா?

தேங்காய்த்துருவி:
பெயரில் மீன் இருந்தாலும் இன்று அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின். கடல்பாசித் தூள் போடலாம், ஆனால் முறை மாறும். அரை லிட்டர் க்ரீமுக்கு ஜெலட்டின் 8 கிராம் என்றால் கடல்பாசித் தூள் 2 கிராம் போதும், அதற்கு மேல் போட்டால் கத்தியால் வெட்டும்படி இறுகும். ஜெலட்டினை ஊறவைத்து, இறக்கிய சூட்டில் கரைப்பார்கள், கொதிக்கவிடக் கூடாது. கடல்பாசி நேர் எதிர்: குளிர்ந்த பாலில் கரைத்து, கிளறியபடி 2 நிமிடமாவது கொதிக்க வேண்டும், இல்லையென்றால் உறையாது. 40 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கிவிடும், ஆகவே சர்க்கரையும் வனிலாவும் முன்பே சேர்த்து, இறக்கியவுடன் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள்.